கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையின் இரண்டாம் நாள் காலை ஆற்றிய உரை. பேசிய நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைப் பேச அழைத்தபோது தலைவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "இருபது நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. மைக் செட்டுக்காரன் கையில் மைக்கைக் கொடுத்தால் திரும்பி வராது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1974 முதல் 1977 வரை பௌதிகம் படித்தேன் என்று சான்றிதழ் சொல்கிறது. ஆனால் கல்லூரியில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் நான் மைக் செட்டுக்காரன்தான். விழா மேடைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில், கையில் டெஸ்டரோடு உட்கார்ந்திருந்தவன். அந்த வேலையில் நான் செய்த ஒரு தப்பை இன்று உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

1976 கல்லூரி ஆண்டு விழாவில் ஒரு பாட்டுக் கச்சேரி நடந்தது. பாடியவர் இன்று இல்லை. அவர் பெயரைச் சங்க மலரின் வேறு பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு அவர் பெரிய வித்துவான் என்று ஊருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. வயலின், மிருதங்கம், கடம். மேடையில் மூன்று மைக். விடுதியில் இருந்த கிரண்டிக் ஸ்பூல் மெஷினை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து முழுக் கச்சேரியையும் பதிவு செய்தேன். ஏழு அங்குல ஸ்பூல், செகண்டுக்கு 3¾ அங்குல வேகம். 1800 அடி நாடாவில் ஒரு பக்கத்துக்கு 96 நிமிஷம் வரும். இந்தக் கணக்கு மட்டும் பரீட்சைக்குப் படித்த எல்லாவற்றையும் விட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது கரெண்ட் போய்விட்டது. அரங்கமே இருட்டு. அவர் நிறுத்தவில்லை. மைக் இல்லாமல், விளக்கு இல்லாமல், வயலின் மட்டும் பின்னால் வர, விருத்தம் ஒன்றை எடுத்தார். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இந்த அரங்கில் இன்றும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கச்சேரியிலேயே உச்சம் அதுதான் என்பார்கள். மின்சாரத்தில் ஓடும் என் மெஷின் அதைப் பதிவு செய்யவில்லை. கரெண்ட் திரும்பி வந்தபோது அவர் மங்களத்துக்கு வந்துவிட்டார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். 1983ல் நண்பர்கள் கேட்டார்கள் என்று அந்த ஸ்பூலிலிருந்து ஒரு கேசட் தயார் செய்தேன். கேசட்டில் மொத்தம் 90 நிமிஷம்தான் பிடிக்கும். எதையாவது வெட்டத்தானே வேண்டும்? சுருதி சேர்க்கிற இடம் வெட்டு. அறிவிப்பு வெட்டு. கைதட்டல் வெட்டு. தனி ஆவர்த்தனம் பாதி வெட்டு. வேறொருவர் வீட்டு கேசட் டெக்கில் பிரதி எடுத்தோம். அதன் வேகம் சரியா என்று பார்க்கவில்லை. "கொஞ்சம் மந்தமாகக் கேட்கிறதே" என்று ட்ரெபிளைத் தாராளமாக ஏற்றினேன். எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு ஒன்று: கேசட் அட்டையில் எந்த ஊர், எந்தத் தேதி, எதிலிருந்து எடுத்தது, எதை விட்டேன் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்தக் கேசட்டைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று என்று எத்தனை ஆயின என்று எனக்கே தெரியாது. ஐந்து வருஷம் கழித்து ரயிலில் ஒருவர் எனக்கே அதைப் போட்டுக் காட்டினார். அட்டையில் "சென்னை, 1978, முழுக் கச்சேரி" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. "சார், இந்த வயசுல என்ன விறுவிறுப்பு பாருங்க!" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

போன வருஷம் சங்கம் இந்தக் கச்சேரியை ஒழுங்காக வெளியிடலாம் என்று தீர்மானம் போட்டது. வித்துவானின் மகளிடம் அனுமதி கேட்டோம். அவர் பணம் காசு எதுவும் பேசவில்லை. "அப்பா அன்னிக்கு என்ன பாடினாரோ அதைப் போடுங்க" என்றார். அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நிறைவேற்ற எங்களுக்கு ஒன்பது மாதமும் இரண்டு பெரிய சண்டையும் ஆயிற்று.

சண்டை எதைப் பற்றி? ஒரு கோஷ்டி, "கேசட் ஒலிதான் பளிச்சென்று இருக்கிறது. நாற்பது வருஷமாகக் கேட்டுப் பழகியது. அதைச் சுத்தம் செய்து போடு" என்றது. இன்னொரு கோஷ்டி, "மூல ஸ்பூல் எங்கேயாவது இருக்கும், தேடு" என்றது. தேடினோம். ஒரு நண்பர் வீட்டுப் பரணில், பழைய புத்தகக் கட்டுக்கு நடுவில் கிடைத்தது. ஆவலோடு போட்டுக் கேட்டால், கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. முதல் கோஷ்டிக்கு ஒரே கொண்டாட்டம்.

இந்த மாதிரிச் சண்டை நம்மிடம்தான் என்று நினைக்காதீர்கள். உலகம் முழுக்க, பழைய கச்சேரிப் பதிவு எங்கெல்லாம் மறுபடி வெளிவருகிறதோ அங்கெல்லாம் ரசிகர்கள் இப்படித்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

ஜெர்மனியில் பைராய்ட் என்று ஓர் ஊர். உலகப் போருக்குப் பிறகு அங்கே இசை விழா மறுபடி தொடங்கிய நாள் 1951 ஜூலை 29. ஃபுர்ட்வெங்லர் என்ற மேதை பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியை நடத்தினார். 1954ல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு ஈ.எம்.ஐ. கம்பெனி அந்தக் கச்சேரியை இசைத்தட்டாக வெளியிட்டது. அரை நூற்றாண்டுக் காலம் அதுதான் அந்த நாள் கச்சேரி என்று உலகம் கேட்டது. 2007 வாக்கில் பவேரிய வானொலிக் காப்பகத்திலிருந்து வேறொரு நாடா வெளிவந்தது. அதே நாள், அதே ஊர், அதே சிம்ஃபனி என்றுதான் சொன்னார்கள். ஆனால் வாசிப்பு பல இடங்களில் வேறு! எது கச்சேரி, எது ஒத்திகை என்று ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைசியில் ஸ்வீடன் வானொலி அன்றைய நேரடி ஒலிபரப்பைப் பதிவு செய்து வைத்திருந்தது 2021ல் பிஸ் கம்பெனி வழியாக வெளிவந்தது. அறிவிப்பாளர் குரல், நடுவில் வரும் மௌனம், கைதட்டல் என்று ஒன்றையும் வெட்டாமல் போட்டார்கள். அது பவேரிய நாடாவோடு ஒத்துப்போனது. பழைய இசைத்தட்டில் ஒத்திகைத் துண்டுகளும் சேர்த்து ஒட்டப்பட்டிருந்தன என்று பெரும்பாலோர் இன்று ஏற்கிறார்கள்.

பழைய தட்டு மோசமா? இல்லை. இன்றும் அதைத்தான் பிடிக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் "இது அந்த மாலை நடந்தது" என்று சொல்ல முடியாது. இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது எது பாருங்கள். நாம் வேண்டாம் என்று வெட்டுகிற அறிவிப்பும் கைதட்டலும்தான் சாட்சி சொல்லின. நான் 1983ல் பிளேடால் வெட்டிப் போட்டது அந்தச் சாட்சியைத்தான்.

பெயர் மாறிப் போவதும் நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பாப் டிலன் 1966ல் இங்கிலாந்தில் பாடிய ஒரு கச்சேரி, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்ற பெயரில் திருட்டுத் தட்டாகப் பல வருஷம் உலவியது. உண்மையில் அது மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் பாடியது. 1998ல் கம்பெனியே முறையாக வெளியிட்டபோது, பழகிப்போன தப்புப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு வெளியிட வேண்டியதாயிற்று. நிஜமான ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி 2016ல்தான் தட்டாக வந்தது. ஒரு தப்பு லேபிளைத் திருத்த எத்தனை வருஷம் ஆகிறது பாருங்கள்!

இன்னொன்று நமக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது. அதுவும் ஒரு கல்லூரிக் கச்சேரி. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் 1977 மே 8 அன்று கிரேட்ஃபுல் டெட் என்ற குழு வாசித்தது. பெட்டி கேன்டர் என்ற அம்மையார் மேடை மிக்சரிலிருந்து பதிவு செய்தார். பிற்பாடு அவருடைய நாடாக்கள் ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்து, வாடகை பாக்கி விழுந்து, 1986ல் ஏலத்தில் போய்விட்டன. வாங்கியவர்கள் பிரதி எடுக்க, ரசிகர்களிடம் பரவியது. முறையான வெளியீடு 2017ல், அதாவது 40 வருஷம் கழித்துத்தான் வந்தது. அதற்கு முன்பே, 2011ஆம் ஆண்டுப் பட்டியலில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைக் காக்க வேண்டிய தேசியப் பதிவுகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. ஒரு கல்லூரி ஹாலில் நடந்த கச்சேரி ஐயா அது!

அந்தக் குழுவின் ரசிகர்களுக்குள் தீராத வாதம் ஒன்று உண்டு. மிக்சரிலிருந்து எடுத்த பதிவு உசத்தியா, கூட்டத்தில் உட்கார்ந்தவர் மைக் வைத்து எடுத்தது உசத்தியா? மிக்சர் பதிவு தெளிவாக இருக்கும். இருமல் கேட்காது. ஆனால் அது ஒலிபெருக்கிக்குப் போவதை மட்டும்தான் பிடிக்கும். சின்ன ஹாலில் எந்த வாத்தியம் இயல்பாகவே உரக்கக் கேட்கிறதோ, அதற்கு மைக்கைக் குறைத்து வைப்பார்கள். பதிவில் அது அமுங்கிப்போகும். நம் மிருதங்கத்தை யோசித்துப் பாருங்கள். கூட்டத்தில் எடுத்த பதிவில் தெளிவு குறைவு. ஆனால் ஹாலும் ஜனங்களும் அதில்தான் இருப்பார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் கதையிலும் அப்படி ஒன்று நடந்தது. நாங்கள் ஸ்பூலா கேசட்டா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, காலமான நம் பேராசிரியர் ஒருவரின் மகன் போன் செய்தார். அவருடைய தாயார், நாங்களெல்லாம் அம்மா என்றே கூப்பிடுவோம், அன்று மூன்றாவது வரிசையில் மடியில் ஒரு சின்னக் கேசட் ரிகார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பேட்டரியில் ஓடுகிற ரிகார்டர். நான் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும். கரெண்ட் போன பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த 18 நிமிஷத்தை முதலில் கேட்டபோது எங்களில் யாரும் பேசவில்லை. ஒலி மோசம். புடவை உரசுகிற சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, யாரோ தீப்பெட்டி உரசுவது எல்லாம் கேட்கிறது. நடுவில் தூரத்திலிருந்து அந்தக் குரல். மைக் இல்லாத குரல் எப்படி இருந்தது என்பதற்கு உலகத்தில் அது ஒன்றுதான் அத்தாட்சி.

இனி ஸ்பூல் விஷயம். கம்பளிக்குள்ளிருந்து வந்த ஒலிக்குக் காரணம் நாடா கெட்டுப்போனது இல்லை. பதிவு செய்த மெஷினின் ஹெட் லேசாகச் சாய்ந்திருந்தது. ஒலிக்கும் மெஷினின் ஹெட்டையும் அதே சாய்வுக்குத் திருகி வைத்தால்தான் மேல்ஸ்தாயி ஒலிகள் வரும். இந்த வருஷம் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் காதால் கேட்டுக்கொண்டே சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நூல் நூலாகத் திருகினார். திடீரென்று தம்பூரா எழுந்து நின்றது. அதுவரை அங்கே தம்பூரா இருந்ததே எங்களுக்குத் தெரியாது!

கேசட்டைச் சுத்தம் செய்யச் சொன்ன கோஷ்டியும் முயற்சி செய்து பார்த்தது. தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் இரைச்சலை நீக்கும் கம்ப்யூட்டர் முறை, மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். நம் சங்கீதத்தில் மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எது? சுருதி! இரைச்சலோடு தம்பூராவும் கரைந்துபோய், மிச்சம் இருந்தது தண்ணீருக்குள் கொப்புளம் விடுகிற மாதிரி ஒரு சத்தம். பாட்டு நன்றாகத் துலங்குகிறது என்று முதலில் தோன்றும். பத்து நிமிஷம் கேட்டால் தலை வலிக்கும்.

பிறகு வேகம். ஸ்பூலையும் கேசட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், கேசட்டில் சுருதி அரைக் கட்டை ஏறியிருந்தது. அரைக் கட்டை என்பது வேகத்தில் ஏறக்குறைய 6 சதவீதம். இரண்டு மணி நேரக் கச்சேரி ஏழு நிமிஷம் சுருங்கிவிடும். எது சரி என்று எப்படிச் சொல்வது? அதே தம்பிதான் வழி கண்டுபிடித்தார். பின்னணியில் மெல்லிசாக "ஊம்" என்று கேட்கிறதே, மின்சார ரீங்காரம், அது நம் நாட்டில் 50 சைக்கிள். ஸ்பூலில் அளந்தால் 50க்குப் பக்கத்தில். கேசட்டில் 53! மின்சாரம் அன்று இப்படி அப்படி ஆடும்தான், ஆனால் 53க்குப் போகாது. பிரதி எடுத்த இடத்தில்தான் பிசகு. ரயில் நண்பர் புகழ்ந்த விறுவிறுப்பு வித்துவானுடையது இல்லை, கேசட் டெக் மோட்டாருடையது. நாற்பது வருஷமாக நான் அவரை ஓட ஓட விரட்டியிருக்கிறேன்.

ஸ்பூலின் தொடக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. நான் வெட்டிய அறிவிப்பு. அதைச் செய்தவன் என் விடுதி அறைத் தோழன். பாதியில் வித்துவான் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்துவான். அதனால்தான் வெட்டினேன், அவனுக்கு அவமானமாக இருக்குமே என்று. 2009ல் அவன் போய்விட்டான். அவன் குரல் வேறு எங்கேயும் இல்லை. இப்போது அவன் மகள் அதை வைத்திருக்கிறாள்.

சரி, கடைசியில் என்ன முடிவு செய்தோம்? ஸ்பூலை ஹெட் சரிசெய்து, வேகம் சரிபார்த்து, வேறு எதுவும் செய்யாமல், செகண்டுக்கு 96,000 மாதிரி, 24 பிட் கணக்கில் கம்ப்யூட்டரில் ஏற்றி, மூன்று இடங்களில் பத்திரப்படுத்தியிருக்கிறோம். வெளியீட்டில் ஸ்பூல்தான் முதுகெலும்பு. கரெண்ட் போகிற இடத்தில் மோட்டார் தளர்ந்து நின்றதால் குரல் விர்ரென்று மேலே ஏறி அறுந்துவிடும். அதை அப்படியே விட்டோம். சிறிது மௌனம். பிறகு அம்மாவின் கேசட். இரண்டையும் ஒரே மாதிரி ஒலிக்கச் செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றோம். ஒட்டு தெரியட்டும். எது எங்கிருந்து வந்தது, எது இல்லை, என்ன செய்தோம் என்பதை அட்டையில் அச்சடித்திருக்கிறோம். 1983 கேசட்டையும் தனியாகச் சேர்த்திருக்கிறோம், "அரைக் கட்டை ஏறிய பிரதி" என்ற பெயரோடு. அதுதான் பிடிக்கும் என்பவர்கள் கேட்கட்டும். ரசனையில் சட்டம் போட முடியாது. ஆனால் லேபிளில் பொய் கூடாது.

மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜி.என்.பி. 1965ல் மறைந்தார். அரியக்குடி 1967ல், மதுரை மணி ஐயர் 1968ல். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலேதான் பிடிக்கும். அவர்கள் ஒரு ராகத்தை விஸ்தாரமாகப் பாடியதை இன்று கேட்கிறோம் என்றால், வானொலியும், வீட்டில் ஸ்பூல் மெஷின் வைத்துக் காத்த ரசிகர்களும்தான் காரணம். அந்த ரசிகர்களில் ஊர், தேதி, பக்கவாத்தியம் எழுதி வைத்தவர்களுக்கு நாம் எப்போதும் கடன்பட்டவர்கள். எழுதாதவர்கள் என்னைப் போன்றவர்கள். நீங்கள் இன்று போனில் நொடியில் பதிவு செய்கிறீர்கள். எங்கே, எப்போது, யார், எந்தக் கருவி என்று நான்கு வரி அதோடு எழுதி வையுங்கள். ஒரு பழைய பதிவைக் கேட்டு, நன்றாயிருக்கிறதா என்று சண்டை போடுவதற்கு முன்னால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறிப் பாருங்கள். ஏற முடியாதவர்கள் பேரனை ஏற்றுங்கள். 1960, 70களில் நம் கல்லூரி மேடையில் எத்தனையோ கச்சேரி, பட்டிமன்றம், நாடகம் நடந்தது. எந்த வீட்டுப் பெட்டியில் எந்த நாடா இருக்கிறதோ! பூசணம் பூத்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டு மெஷினில் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், நாடா அறுந்துவிடும். சங்கத்துக்குக் கொடுங்கள். கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் உங்களுக்கு ஞாபகம் இருப்பதை எழுதிக் கொடுங்கள். நாடா இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். ஞாபகம் நமக்குப் பிறகு இருக்காது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மைக்கைக் கொடுத்துவிடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே அரங்கில் அந்த 18 நிமிஷத்தைப் போடப் போகிறோம். அப்போது விளக்கை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் அவசியம் வர வேண்டும்.